முன்பக்கத்து நம்பர்

ராஜாக்கள் பெயரில் செடி இருக்கிறது, தளபதிகள் பெயரில் செடி இருக்கிறது, கப்பலேறிப் போய்க் கரை தெரியாமல் திரும்பி வந்தவர்கள் பெயரில்கூட இருக்கிறது. அந்தப் பெரிய மனிதர்கள் வரிசையில் குண்டு என்று ஒருவனும் இருக்கிறான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் சேற்றில் விழுந்து கல்லுக்குள் அழுந்திப்போன ஒரு பெரணி இலைக்கு, லத்தீன் வால் ஒன்றை ஒட்டி, தன் தம்பியின் வீட்டுப் பெயரை வைத்துவிட்டாள் அவனுடைய அக்கா. பெரிய பெரிய பேராசிரியர்கள் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு மேடையேறி "குண்டு, குண்டு" என்று பயபக்தியோடு உச்சரிக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளில் குண்டுவின் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

சின்ன வயதில் உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். இப்போது ஐம்பத்துமூன்று வயதில் ஆள் சட்டையை ஆணியில் மாட்டியதுபோல் இருக்கிறான். உடம்பு போனாலும் பெயர் போகவில்லை. அதுதான் அச்சிலேயே ஏறிவிட்டதே, எப்படிப் போகும்?

அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் என்று பேருக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கும் அறையில், இலை பதிந்த கற்கள் வரும். தம்பி ஊசியால் கல்லைச் சீவி இலையை வெளியே எடுத்துக் கொடுப்பான். அது என்ன செடி என்று அக்கா சொல்லுவாள். அவன் கை, அவள் கண். இருபத்தேழு வருஷம் அப்படித்தான் ஓடியது.

பெரணியை அடையாளம் சொல்வது ஏதோ இலையைப் பார்த்ததும் சொல்லிவிடுகிற காரியம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் அச்சு அசலாகப் பெரணி மாதிரியே இலை விட்டு, ஆனால் விதை காய்த்த போலிச் செடிகள் காடு காடாக இருந்தன. இலையை மட்டும் வைத்து எது அசல், எது போலி என்று யாராலும் சொல்ல முடியாது. அசல் பெரணி பூக்காது, காய்க்காது. விதைக்குப் பதிலாக இலையின் அடிப்பக்கத்தில் கடுகில் கால்வாசி அளவுக்குப் புள்ளி புள்ளியாகத் தூள்பைகள் வைத்திருக்கும். கல்லில் அந்தப் புள்ளி தெரிந்தால் பெரணி. தெரியாவிட்டால் வெறும் இலை. அந்த அறையில் இருந்த கற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வெறும் இலைதான்.

குண்டுவின் பெயர் வாங்கிய கல்லில் புள்ளி இருந்தது. அதுவும் எப்படி! இலையின் ஓரத்தை ஒட்டி வரிசையாக, மூன்று மூன்றாக, இரண்டு பெரிது ஒன்று சிறிது என்ற கணக்கில். அந்தக் காலத்துப் பாறையில் ஓரத்தில் புள்ளி வைத்த பெரணியை அதுவரை எவரும் கண்டதில்லை. கல்லைப் பிளந்தால் இலை இரண்டு பாதியிலும் பதிந்திருக்கும், ஒன்றோடு ஒன்றை வைத்துச் சரிபார்க்கலாம். இதன் மறுபாதி தோண்டிய இடத்திலேயே பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது. இருந்தது இந்த ஒன்றுதான். அதை வைத்து அக்கா கட்டுரை எழுதினாள், அது அச்சாகியது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு வாங்கவில்லை, ஊர் சுற்றவில்லை. அவள் பெயர் சொல்ல இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெரணிதான்.

ஒன்றோடு நின்றுபோனதுதான் ஆச்சரியம். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா ஒரு செடிக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை. குண்டு எவ்வளவு நல்ல கல்லைக் கொண்டுபோய் வைத்தாலும் பூதக்கண்ணாடியில் அரைமணி நேரம் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், "தெரியவில்லை" என்று ஒரு சீட்டெழுதிக் கூடவே வைத்து டிராயரை மூடச் சொல்லுவாள். ஒரு டிராயர் இரண்டாகி, இரண்டு நாற்பதாகியது. அருங்காட்சியகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் "தெரியலம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தடவை பெரணி கண்டுபிடித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது, சின்னக் கல்லெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று பேசினார்கள். குண்டுவும் அப்படித்தான் நினைத்தான். வெளியே சொன்னதில்லை, நினைத்தான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் அக்காவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தம்பி வீட்டுக்கே கொண்டுவந்து, முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். பேச்சு மட்டும் மெதுவாக வரும். புத்தி பளிச்சென்று இருந்தது. அதுதான் பாவம்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. உலகத்துப் பெரணிக் கற்களையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கப்போகிறார்களாம். பெயர் வாங்கிய ஒவ்வொரு கல்லையும் நேரில் பார்த்துச் சரிபார்க்க ஆள் வருவாராம். சரியென்றால் பட்டியலில் ஏறும். சரியில்லையென்றால் 'நீக்கப்பட்டது' என்று ஒரு வார்த்தை, அத்தோடு கதை முடிந்தது. குண்டுவின் கல்லைப் பார்க்கப் புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகப் போட்டிருந்தது.

புதன்கிழமை காலையில் குண்டு அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் அன்றைக்கு ஐந்தாவது தடவையாகக் கேட்டாள்.

"அவங்க நேர்லதான் பாக்கணுமாடா? போட்டோ அனுப்பினா பத்தாதா?"

"ஏன்க்கா இப்படிப் பதறுற? பரீட்சை எழுதப் போறது நீயா, கல்லா?"

"கையில தூக்கிப் பாப்பாங்களா?"

"தூக்காம? அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, கும்பிட்டுட்டா போவாங்க?"

அக்கா சிரிக்கவில்லை. இடது கையால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நீ ஒண்ணும் கிளீன் பண்றேன் அது இதுன்னு கை வைக்காத. இருக்கறபடியே காட்டு."

"சரிக்கா. நீ நிம்மதியா இரு. சாயங்காலம் நல்ல சேதியோட வரேன்."

"அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க," என்றாள் குண்டுவின் மனைவி மருந்து டம்ளரோடு வந்து. "இவர் பேரை அவ்வளவு சீக்கிரம் யாராலயும் நீக்க முடியாது. நானே முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

அதற்கும் அக்கா சிரிக்கவில்லை. ஆசைதான் இப்படிப் படுத்துகிறது என்று குண்டு எடுத்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த அங்கீகாரம் வாசல்வரை வந்திருக்கிறது, படுக்கையில் கிடக்கிறவளுக்கு இருப்புக் கொள்ளுமா? இந்த ஒன்றையாவது நல்லபடியாக முடித்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினான்.

ஒன்பது மணிக்குக் கல் அறையில் இருந்தான். விளக்கைப் போட்டான், மேஜையைத் துடைத்தான், மணல் பையைத் தட்டி நடுவில் குழி செய்தான். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து, தன் பெயர் கொண்ட கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து பையின்மேல் வைத்தான். சாம்பல் நிறக் கல்லில் கறுப்பு இலை. எத்தனை தடவை பார்த்தாலும் அழகுதான். ஒரே ஒரு அசிங்கம், மூலையில் இருந்த நம்பர்.

கல்லுக்கு நம்பர் போடுவது இப்படி: வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு சின்னச் சதுரம், அது காய்ந்ததும் கறுப்பு மையில் எண், அதற்குமேல் ஒரு பூச்சு வார்னிஷ். இந்தச் சதுரம் உதிர்ந்து, எண்ணில் நடு இரண்டு இலக்கத்தைக் காணோம். நம்பர் அரைகுறையாக இருக்கிற கல்லை வெளியாளிடம் காட்டுவதா? சரிபார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே பதிவேடும் நம்பரும்தான். இது எந்தக் கல், அந்தக் கல்தானா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் இலையென்ன, புள்ளியென்ன? அக்கா கை வைக்காதே என்று சொன்னது ஞாபகம் வந்தது. இலையில்தானே கை வைக்கக் கூடாது, நம்பரில் என்ன வந்தது என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு, பஞ்சில் தின்னரை நனைத்துச் சதுரத்தைத் துடைத்தான்.

வெள்ளை கரைந்து வந்தது. அடியில் கல் தெரிந்தது. மேஜை விளக்கு பக்கவாட்டில் சாய்ந்து எரிந்துகொண்டிருந்ததால் கல்லின் மேடுபள்ளம் துல்லியமாகத் தெரிந்தது. இலை அங்கே வரவில்லை. இலை முடிந்து இரண்டு விரல்கடை தள்ளி, வெறும் கல்.

அந்த வெறும் கல்லில் மூன்று புள்ளிகள் இருந்தன. இரண்டு பெரிது, ஒன்று சிறிது.

குண்டுவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. தூசி என்று நினைத்து, காற்றடிக்கும் ரப்பர் பந்தை அமுக்கி ஊதினான். போகவில்லை. நுண்நோக்கியின் கீழே தள்ளிப் பார்த்தான். கல்லில் குத்திய குழிகள். அப்படியே கல்லை நகர்த்தி இலையின் ஓரத்துக்கு வந்தான். அங்கே இருந்ததும் அதே குழி, அதே ஆழம், அதே இடைவெளி, இரண்டு பெரிது ஒன்று சிறிது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறைக்குக் காற்றூசி வந்தது. கையால் குத்துகிற ஊசிக்குப் பதிலாக, காற்றின் வேகத்தில் டிர்ரென்று அதிர்ந்து கல்லைக் கொத்துகிற ஊசி. வந்த முதல் நாள் குண்டுவுக்கு ஒரே குஷி, பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி. கெட்டியான இடத்தில் அழுத்தினால் அது துள்ளும். துள்ளினால் டக், டக், டிக் என்று மூன்று தடம் விழும். இரண்டு பலமாக, கடைசி ஒன்று லேசாக. இரண்டு நாளில் அழுத்தம் பழகியதும் அந்தத் துள்ளல் நின்றுவிட்டது. அந்த முதல் நாள் அவன் சீவிக்கொண்டிருந்தது எந்தக் கல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இலையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒட்டியிருந்த கல்லை நீக்கியது அவன்தான்.

தூள்பை கல்லின்மேல் முளைக்காது. இலைமேல் இருப்பதும் தூள்பை இல்லை. உலகமே பயபக்தியோடு உச்சரித்த பெரணிக்குப் பெயர் மட்டும் குண்டு இல்லை, அதைப் பெரணியாக ஆக்கியதும் குண்டுதான். அது வெறும் இலை.

"அய்யய்யோ, அக்கா," என்று வாய்விட்டே சொன்னான். அறையில் வேறு யாரும் இல்லை.

அவள் மோசம் போய்விட்டாளே, என்னை நம்பி மோசம் போய்விட்டாளே என்றுதான் முதலில் அடித்துக்கொண்டது மனசு. பிறகுதான் வேறொன்று மெதுவாக மேலே வந்தது. இந்தச் சதுரத்தை இங்கே வைத்தது யார்? நம்பரை எப்போதும் பின்பக்கம்தான் போட வேண்டும். அந்த அறையின் முதல் சட்டமே அதுதான், சட்டம் போட்டவளும் அக்காதான். ஒரு தடவை இடமில்லை என்று குண்டு ஒரு கல்லில் முன்பக்க ஓரத்தில் நம்பர் போட்டதற்கு, "உன் நெத்தியில எழுதி ஒட்டட்டுமா?" என்று ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவள் அவள்.

கல் ஒரு பிளாஸ்டர் தொட்டிலில் பதிந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்தத் தொட்டில் செய்தவளும் அக்காதான், கட்டுரை வெளிவந்த அடுத்த மாதம். கல் உடையாமல் இருக்கவென்று சொன்னாள். பின்பக்கம் அதற்குள் மறைந்துபோனதால்தான் நம்பரை முன்னால் போட்டாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். குண்டு விளிம்பில் கத்தியை விட்டு நெம்பிக் கல்லை வெளியே எடுத்துத் திருப்பினான்.

பின்பக்கத்தில் நம்பர் இருந்தது. ஒரு இலக்கம் உதிராமல், அக்காவின் வலது கை நன்றாக இருந்த காலத்துக் குண்டு குண்டான எழுத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கல்லுக்கு இரண்டு நம்பர் போட்டிருக்கிறாள். முன்னால் போட்டது நம்பரே இல்லை, மூடி. கட்டுரை அச்சான பிறகு என்றைக்கோ ஒருநாள், இதே மாதிரி விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள். தம்பியின் ஊசி என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். அப்போது அவன் தற்காலிக வேலைக்காரன். அன்றைய இயக்குநருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. எப்போது சாக்குக் கிடைக்கும், வெளியே தள்ளலாம் என்று இருந்த மனுஷன். குண்டுவின் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். சொன்னால் தம்பி தெருவில் நிற்பான். அதனால் ஒரு சதுரம் வெள்ளை அடித்து மூடிவிட்டு, அதற்குமேல் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள்.

நாற்பது டிராயர் "தெரியவில்லை" இப்போது அவனுக்குத் தெரிந்தது. தலைக்கனமாம்! எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் இது செடி வைத்ததா, தம்பி வைத்ததா என்று அவளால் நம்ப முடியாமல் போயிருக்கிறது. அவன் கையை அவள் பிறகு ஒருநாளும் நம்பவில்லை, தன் கண்ணையும் நம்பவில்லை. அதை வெளியே காட்டாமல் தினமும் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள், ஊரெல்லாம் கேலி பேசியதையும் வாங்கிக்கொண்டாள். இப்படியும் ஒரு பிறவியா என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. அழுகையும் வந்தது. மணி ஒன்பதே முக்கால்.

சொல்லிவிடலாமா? வருகிறவரிடம், இது என் ஊசி, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம். வேலை முடிய இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, போனால் போகட்டும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் என்ன சொல்வது? நீ இதற்காகத்தானே எல்லாவற்றையும் விட்டாய், அதையும் நான் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன் என்றா? கையும் காலும் போனவளிடம், இருக்கிற ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன் என்றா? எனக்காக இருபத்திரண்டு வருஷம் மறைத்தாளே, அவளுக்காக ஒரே ஒரு நாள் என்னால் மறைக்க முடியாதா?

பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.

சதுரத்தை அதே அளவில், அதே இடத்தில் போட்டான். காய்வதற்கு மேஜை விசிறியைத் திருப்பி வைத்தான். பதிவேட்டைப் பார்த்து எண்ணை எழுதினான், வார்னிஷ் பூசினான். கல்லைத் தொட்டிலில் பதித்துச் சுற்றிலும் புதுப் பிளாஸ்டரைக் குழைத்து அடைத்தான். பத்தரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக அவன் வேலை செய்து பல வருஷம் ஆகிறது.

வந்தவள் முப்பது வயதுக்குள் இருந்தாள். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, கையில் ஒரு பை, வாய் நிறையச் சிரிப்பு. கடுகடுவென்று ஒரு கிழம் வரும் என்று எதிர்பார்த்திருந்த குண்டுவுக்கு இது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்கதான் அந்தக் குண்டுவா சார்? இந்தப் பெரணியப் படிச்சுட்டுத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன். நீங்க நிஜ ஆள்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"நான் நிஜம்தாம்மா," என்றான். கல்லைப் பற்றி அவன் வாய் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கைவிளக்கை எடுத்துச் சாய்த்துப் பிடித்தாள். ஓரத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்து நின்றன. "அப்பா, எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றாள். குண்டு பின்னால் நின்று, தன் ஊசித் தடத்தை ஒரு படித்த பெண் வாய் பிளந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பர் ஏன் சார் முன்பக்கம் இருக்கு?"

"பின்பக்கம் பிளாஸ்டர்ல உக்காந்திருக்கும்மா. அதான்."

"பெயிண்ட் வாசம் அடிக்குதே?"

"நீங்க வர்றீங்கன்னு இன்னிக்குப் புதுப்பிச்சேன்."

"எனக்காகவா? அய்யோ, ரொம்ப நன்றி சார்."

நரம்பு தெளிவாகத் தெரிவதற்குக் கல்லில் எரிசாராயத்தைச் சொட்டு விட்டு நனைத்துப் பார்ப்பார்கள். அவளும் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துச் சொட்டவிட்டாள். ஈரம் இலையெல்லாம் பரவி, ஓரம் தாண்டி, சதுரத்தை நோக்கி ஊர்ந்தது. பட்டால் புது வெள்ளை கரையும். குண்டு வாய் திறப்பதற்குள் அவளே சட்டென்று பஞ்சை வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டாள்.

"சாரி சார், நம்பர் மேல பட்டிருக்கும். இன்னொரு காட்சியகத்து நம்பர்ல கை வைக்கக் கூடாது, அது எங்களுக்கு முதல் பாடம்."

அந்த ஒரு கணத்தில், பட்டுத் தொலைந்திருந்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. உடனே அந்த நினைப்பை அமுக்கிவிட்டான்.

அவள் புகைப்படங்கள் எடுத்தாள், நம்பரும் தெரிகிற மாதிரி ஒன்று தனியாக எடுத்தாள். தாளில் டிக் போட்டாள், கையெழுத்துப் போட்டாள். "இனிமே இதை யாரும் கேள்வி கேட்க முடியாது சார். உங்களுக்குத் தெரியுமா, இதைப் பாத்துட்டு வேற நாலு காட்சியகத்துல 'இலை'ன்னு போட்டு வச்சிருந்த கல்லையெல்லாம் திரும்பி எடுத்துப் பாத்திருக்காங்க. ஓரத்துல புள்ளி தெரியுதுன்னு முப்பது கல்ல இந்தப் பேர்ல சேத்திருக்காங்க. உங்க அக்காகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

தேடினால் கிடைக்காத புள்ளி உண்டா என்று குண்டு நினைத்துக்கொண்டான். "சொல்றேம்மா," என்றான்.

வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்தான். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினாள்.

"என்னாச்சு?"

"பாஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ். டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டாங்க. இனிமே யாரும் கேள்வி கேட்க முடியாதாம்."

உள்ளேயிருந்து மனைவி, "அப்பாடா, நல்லவேளை!" என்று குரல் கொடுத்தாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷப்பட்டு அழுவாள் என்று நினைத்து வந்தவன், அவள் கண் அப்படியே தன்மேல் நிலைத்து நிற்பதைப் பார்த்ததும் அடுத்து வைத்திருந்த பேச்சை மறந்துவிட்டான்.

"நல்லாப் பாத்தாங்களா?"

"ஒரு மணி நேரம் பாத்தாங்க."

"லைட்டச் சாச்சு வச்சா?"

"ஆமாக்கா."

"நம்பர் உதிர்ந்திருந்துச்சே. அத ஒண்ணும் சொல்லலையா?"

குண்டு சட்டைப் பொத்தானைத் தடவினான். "புதுசா எழுதிட்டேன்க்கா. காலையில."

அக்காவின் இடது கை போர்வையைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டது.

"எங்க எழுதின?"

"அதே இடத்துலதான்."

"பின்னால ஏற்கனவே ஒண்ணு இருக்குமே."

"பாத்தேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. குண்டு துண்டை எடுத்துத் துடைக்கப் போனான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"யாராச்சும் ஒருநாள் சுரண்டுவாங்கன்னு இருந்தேன்டா. இருபத்திரண்டு வருஷமா. என் கையால முடியல. உன்னை மாட்டிவிட மனசு வரல. பயந்துட்டும் இருந்தேன், காத்துட்டும் இருந்தேன். அவங்க கண்டுபிடிச்சிருந்தா நீயும் நானும் என்ன செய்ய முடியும், முடிஞ்சு போயிருக்கும். நான் நிம்மதியாச் செத்திருப்பேன்."

"நீ ஆசைப்படறேன்னு நெனச்சேன்க்கா. உனக்காகத்தான்..."

"தெரியும்."

"நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன். என் ஊசிதான்னு சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ? இன்னிக்குக் காலையில தெரிஞ்சுது, தெரிஞ்சு வெள்ளையடிச்சு மூடினேன், அப்புறம் உங்ககிட்டக் காட்டினேன்னா? வந்தவங்க உன் புது நம்பரையும் சேத்துத்தானே போட்டோ எடுத்திருப்பாங்க?"

நேற்றுவரை அது ஒரு தப்பு, தெரியாமல் நடந்தது. இன்றைக்கு அது மோசடி. அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் அவன் தன்னைக் காட்டிக்கொடுக்க முடியாது, அவனைக் காட்டிக்கொடுக்காமல் அவளாலும் முடியாது. இருபத்திரண்டு வருஷம் அவள் மட்டும் மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவனும் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். போதாததற்கு வெளியே முப்பது கல், இல்லாத செடியின் பெயரைச் சுமந்துகொண்டு.

"உனக்காக நான் பண்ணினேன்," என்றாள் அக்கா. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "எனக்காக நீ பண்ணின. அந்த இலைக்குன்னு யாருடா பண்ணினா? அது பாட்டுக்கு இருந்துச்சு. வெறும் இலைன்னு ஒரு சீட்டு வச்சிருந்தா போதும், அதுக்கு அதுவே மரியாதை."

"அப்படிச் சொல்லாதக்கா."

"இனிமே யாரும் கேள்வி கேட்க முடியாதுன்னா சொன்னாங்க?"

"ஆமா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மனைவி மருந்து டம்ளரோடு வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, நல்ல சேதிக்கு இப்படியா அழுவீர்கள் என்று சிரித்தாள். குண்டு டம்ளரை வாங்கி அக்காவின் தலையை மெல்லத் தூக்கினான். அவன் விரலில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே மருந்தைக் குடித்தாள்.